ஸ்கூட்டர் செலவு குறைய போல்ட்டில் 30 பைசா குறைத்தால் போதுமா?

ஜனவரி 18, 2025, மாலை (கேள்வி)

கிருஷ்ணகிரி பக்கம் மின்சார ஸ்கூட்டர் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் பர்ச்சேஸில் இருக்கிறேன். மத்திய அரசின் மானியம் தேய்ந்துகொண்டே போகிறது. 2023 ஜூனில் பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 10,000 ரூபாய் ஆனது, 2024இல் 5,000 ஆனது, 2025 ஏப்ரலில் 2,500 என்றார்கள். வண்டி விலையை ஏற்ற முடியாது என்பதால் எல்லாவற்றிலும் செலவைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். என் பங்குக்கு வந்தது நட்டு, போல்ட்டு, ஸ்க்ரூ. சப்ளையரிடம் மல்லுக்கட்டி போல்ட்டுக்கு 30 பைசா குறைத்தேன். அது போதாதாம். பேட்டரியும் மோட்டாரும் அவ்வளவு விலை விற்கும்போது போல்ட்டில் போய் என்ன மிச்சம் பிடிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 18, இரவு 10.40

தம்பி, எனக்கு ஊர் ஆந்திராவில் இருக்கிற குப்பம். மகராஜகடை வழியாகத் தினமும் கிருஷ்ணகிரிப் பக்கம் வேலைக்கு வந்து போகிறேன். பேட்டரி பேக் அசெம்பிளி செய்கிற இடத்தில் முதலில் ஸ்டோர், இப்போது லைன். நீங்கள் கேட்டது நான் பல வருடமாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம்.

முதலில் உங்கள் 30 பைசா. வண்டிக்கு முந்நூறு போல்ட்டு என்று வைத்துக்கொண்டால் 90 ரூபாய். நல்லதுதான். ஆனால் பெரிய பணம் வேறு இடத்தில் இருக்கிறது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, போல்ட்டுக்கு அது அப்படியே பொருந்தும். இந்தத் தொழிலில் 15க்கு 85 என்று ஒரு வழக்கு உண்டு. ஒரு போல்ட்டு வண்டியில் ஏறி உட்காரும்வரை ஆகிற மொத்தச் செலவில் போல்ட்டின் விலை நூற்றுக்கு 15 பங்குதான். ஆர்டர் போடுவது, வந்த பெட்டியைப் பார்த்து வாங்குவது, எண்ணி வைப்பது, லைனுக்குக் கொண்டுபோவது, எடுத்து வைத்து முடுக்குவது, சரிபார்ப்பது, தப்பாகப் போனால் கழற்றுவது எல்லாம் சேர்ந்து மீதி 85. நீங்கள் சப்ளையரோடு மல்லுக்கட்டுவது அந்த 15க்குள். 85ஐ யாரும் பில் போட்டு அனுப்புவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை.

எங்கள் ஸ்டோரில் மொத்தம் 41 விதம் இருந்தது, அதில் எம்6, அதாவது தண்டு 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது, மட்டும் 11 விதம். நீளம் 12, 14, 16, 18, 20, 25. தலை ஒன்றுக்கு ஆறு பட்டை, ஒன்றுக்கு அலன், ஒன்றுக்கு ஸ்டார். ஒரே தலை, ஒரே நீளம், பூச்சு மட்டும் வேறு என்றும் இரண்டு. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு 11 ஆக்கவில்லை. பேக் டிசைன் செய்தவர் ஒன்று போட்டார், பிராக்கெட் டிசைன் செய்தவர் இன்னொன்று போட்டார், கண்ட்ரோலர் வந்த பெட்டிக்குள்ளேயே அதற்கான ஸ்க்ரூவும் வந்தது. எல்லாருக்கும் அவரவர் வேலை சரி. விதம் கூடக் கூட ஸ்டோரில் அலமாரி கூடும், லைனில் பெட்டி கூடும், ஸ்க்ரூ முடுக்குகிற கன்னுக்கு பிட் மாற்றுவது கூடும், கை தப்புவதும் கூடும்.

நாங்கள் 41ஐ 17 ஆக்கினோம். எம்6 நீளத்தை 16, 20, 25 என்று மூன்றாகச் சுருக்கினோம். தலை எல்லாம் ஒரே வகை. நீங்களும் இங்கிருந்து தொடங்குங்கள். விலைப் பட்டியலை மூடி வைத்துவிட்டு விதப் பட்டியல் ஒன்று எழுதுங்கள்.

ஜனவரி 19, காலை

நேற்று விட்டுப்போன ஒன்று. பட்டியல் எழுதும்போது எல்லாரும் ஒரே பெயரைச் சொல்கிறார்களா என்று முதலில் பாருங்கள். எங்கள் லைனில் "பத்து நம்பர் போல்ட்டு" என்றால் எம்6. அதன் தலைக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும். எம்8 என்றால் "பதிமூணு நம்பர்". மெக்கானிக் ஷெட்டில் வளர்ந்த பையன்கள் எல்லாம் இப்படித்தான் சொல்வார்கள். டிப்ளமா முடித்து ஸ்டோருக்குப் புதிதாக வந்தவர் "பத்து" என்றதும் எம்10ஐ எடுத்துக் கொடுத்தார். தலைக்கு அடியில் வாஷர் போல விளிம்பு விரிந்த ஃபிளேஞ்ச் போல்ட்டு வந்தபிறகு இன்னும் குழப்பம், எட்டு நம்பர் தலையிலும் எம்6 உண்டு, பத்து நம்பர் தலையிலும் எம்6 உண்டு.

என் பெரியப்பா கோலார் தங்கவயலில் ஃபிட்டர். 2001இல் சுரங்கத்தை மூடும்வரை ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். அவரிடம் விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று இருக்கிறது, எண்ணெய்த் துணியில் சுற்றி இன்னும் வைத்திருக்கிறார். அதில் கால் இன்ச் என்று பொறித்திருந்தால் போல்ட்டின் தண்டு கால் இன்ச் என்று அர்த்தம், தலையின் அகலம் அல்ல. இப்போதைய மில்லிமீட்டர் ஸ்பேனரில் பொறித்திருப்பது தலையின் அகலம். "எங்க காலத்துல ஸ்பேனரப் பாத்தா போல்ட்டு தெரியும்டா" என்பார். ஜோசப் விட்வொர்த் 1841இல் இங்கிலாந்துப் பட்டறைகளின் திருகாணிகளை எல்லாம் சேகரித்து அளந்து, திருகில் சுற்றி வெட்டியிருக்கும் மரை எங்கும் ஒன்றாக இருக்க வழி சொன்னார். அதற்கு முன் ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டில் ஏறாதாம். எங்கள் ஸ்டோரின் 11 விதத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பழைய பட்டறைகள்தான் நினைவுக்கு வந்தன.

ஜனவரி 21

"விதம் அதிகமானால் குழப்பம் என்கிறீர்கள், பணமாக எவ்வளவு?" என்று தம்பி கேட்டிருக்கிறார். நடந்ததைச் சொல்கிறேன், கணக்கு நீங்களே போடுங்கள்.

பேக் மூடியில் 14 ஸ்க்ரூ, எம்6, நீளம் 16. கீழே அலுமினிய காஸ்டிங், அதாவது வார்ப்பு, துளைகளின் அடி மூடியிருக்கும். ஒரு நாள் 16 நீளப் பெட்டியில் 20 நீளம் ஒன்று கலந்திருந்தது. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம், அரை நெல்மணி அளவு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். லைனில் இருந்த பெண் எடுத்தாள், வைத்தாள், கன்னை அழுத்தினாள், பச்சை விளக்கு எரிந்தது. ஸ்க்ரூவின் நுனி துளையின் அடியில் போய் முட்டி நின்றுவிட்டது. கன் அளக்கிற டார்க், அதாவது திருப்பும் விசை, வந்துவிட்டது, ஆனால் மூடி இறுகவில்லை. தலைக்கும் மூடிக்கும் நடுவில் நகம் நுழைகிற இடைவெளி.

காற்றழுத்தச் சோதனையில் அழுத்தம் நிற்கவில்லை. எங்கே கசிகிறது என்று தேடவே ஒரு மணி நேரம். அப்புறம் மூடியைக் கழற்றி, கசிவைத் தடுக்கிற கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டு, ஸ்க்ரூவில் ஒரு முறைக்கு மட்டும் ஆகிற ஒட்டுப் பூச்சு இருப்பதால் 14ஐயும் தூக்கிப் போட்டு, துளையின் அடியில் உதிர்ந்த அலுமினியத் துகளை உறிஞ்சி எடுத்து, மறுபடி மூடினோம். இரண்டு பேருக்கு அரை ஷிப்ட்டு. அன்று அதே பெட்டியிலிருந்து போன மற்ற பேக்குகளையும் திரும்பப் பார்த்தோம். காரணம் இரண்டு ரூபாய் ஸ்க்ரூ ஒன்று.

அந்தப் பெண்ணைத் திட்டப் போனார்கள். நான் குறுக்கே நின்றேன். ஒரே தலை, ஒரே நிறம், ஒரே தடிமன் உள்ள இரண்டு ஸ்க்ரூவை ஒரே மேசையில் இரண்டு பெட்டியில் வைத்தது அவள் அல்லவே.

ஜனவரி 22

முதல் பதிவில் ஒன்றைத் திருத்த வேண்டும். "16, 20, 25 என்று மூன்றாகச் சுருக்கினோம்" என்று சுலபமாக எழுதிவிட்டேன். அது அப்படிச் சுலபமாக நடக்கவில்லை. முதல் முயற்சியில் 18 இருந்த இடத்தில் எல்லாம் 20 போட்டோம். ஒரு பிராக்கெட்டில் துளை ஆழம் போதவில்லை, மேலே சொன்ன அதே கதை. அதே பிராக்கெட்டில் 16 போட்டுப் பார்த்தால் மரையில் கடிக்கிற நீளம் குறைந்தது. அலுமினியத்தில் போல்ட்டின் தடிமனைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் மரை பிடிக்க வேண்டும், எம்6க்கு 9 முதல் 12 மில்லிமீட்டர். குறைந்தால் போல்ட்டு நிற்கும், அலுமினிய மரை உருவிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் காஸ்டிங்கில் துளையை 3 மில்லிமீட்டர் ஆழமாக்கச் சொல்லித்தான் 20க்கு வந்தோம். அதற்கு நான்கு மாதம் ஆனது.

ஆகவே தம்பி, ஸ்டோரில் மட்டும் உட்கார்ந்து விதத்தைக் குறைக்க முடியாது. டிசைன்காரரையும் காஸ்டிங்காரரையும் கூட்டி உட்கார வைத்தால்தான் நடக்கும்.

ஜனவரி 25, இரவு

இன்று சனிக்கிழமை, நேரம் இருக்கிறது. 30 பைசாவைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், அது என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சப்ளையர் எதைக் குறைத்து அந்த 30 பைசாவைக் கொடுத்தார் என்று கேட்டீர்களா?

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இது நடந்தது. விலை குறைத்த பெட்டி வந்தது. போல்ட்டின் தலையில் வலிமையைக் காட்டுகிற அதே 8.8 முத்திரை, அதே அளவு, அதே வெள்ளிப் பளபளப்பு. லைனில் எல்லாம் பச்சை விளக்கு. முடுக்கியபின் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம், போல்ட்டு அசைந்தால் கோடு உடைந்து தெரியும். அதிர்வுச் சோதனைக்குப் போன வண்டி திரும்பியபோது ஐந்து கோடுகள் உடைந்திருந்தன. ஒன்றை நான் விரலாலேயே திருப்பினேன்.

டார்க் சரி, போல்ட்டு சரி, ஏன் கழன்றது? பழைய போல்ட்டில் துத்தநாகத்துக்கு மேல் வழுக்கும் பூச்சு ஒன்று இருந்தது, புதியதில் அது இல்லை. நாம் போல்ட்டை முடுக்கும்போது கொடுக்கிற விசையில் கிட்டத்தட்ட பாதி தலைக்கு அடியில் உரசலிலேயே போகிறது. இன்னொரு 40 பங்கு மரைகளின் உரசலில் போகிறது. இரண்டு பாகத்தையும் இழுத்துப் பிடிக்க மிஞ்சுவது நூற்றுக்குச் சுமார் 10 பங்குதான். உரசல் கொஞ்சம் கூடினால் அடிபடுவது அந்தப் பத்துதான். கன் அளப்பது திருப்பும் விசையை, பிடிப்பை அல்ல. அதற்குப் பச்சை எரியத்தான் செய்யும்.

எண்ணெய் தடவினால் சரியாகிவிடும் என்று அங்கே ஒருவர் தொடங்கினார். அது எதிர்ப்பக்கத்து ஆபத்து. உரசல் குறைந்தால் அதே டார்க்கில் பிடிப்பு எகிறும், போல்ட்டு நீண்டு சோர்ந்துவிடும், சின்னதாக இருந்தால் அறுந்தே போகும்.

போல்ட்டு வாங்கும்போது வரைபடத்தில் பூச்சின் பெயரோடு உரசல் எண்ணின் எல்லையையும் எழுதி வாங்குங்கள். எழுதாமல் விட்டால் அது சப்ளையரின் இஷ்டம்.

ஜனவரி 26

ஒருவர் தனியாகக் கேட்டார்: ஸ்பிரிங் வாஷர் போட்டால் கழலாதே? நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இல் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டிச் சோதித்து, போல்ட்டு எப்படித் தானாகத் திரும்பிக் கழல்கிறது என்று காட்டினார். பக்கவாட்டு அசைவில் பிடிப்பு தளர்ந்தால் சாதாரண ஸ்பிரிங் வாஷர் காப்பாற்றாது. நாங்கள் போல்ட்டு, ஸ்பிரிங் வாஷர், தட்டை வாஷர் மூன்றையும் எடுத்துவிட்டு ஃபிளேஞ்ச் போல்ட்டு ஒன்று வைத்தோம். தனி விலை கூடத்தான். மூன்று முறை கை போன இடத்தில் ஒரு முறை போகிறது, வாஷரைக் கீழே போட்டுத் தேடுவதும் இல்லை.

பிப்ரவரி 2

"அப்படியென்றால் போல்ட்டின் எண்ணிக்கையையே குறைத்தால் என்ன? மூடிக்கு 14 எதற்கு, 10 போதுமே" என்று ஓசூரிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அக்கா, இந்த இடத்தில் நான் பயப்படுகிறேன்.

மூடியின் போல்ட்டுகள் பிடிப்பதற்கு மட்டும் இல்லை, கேஸ்கெட்டைச் சமமாக அமுக்குவதற்கு. இரண்டு போல்ட்டுக்கு நடுவே தூரம் கூடினால் அங்கே மூடி மயிரிழை தூக்கும், தண்ணீருக்கு அது போதும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே ஈரம் போகக் கூடாது. மழையில் முழங்கால் தண்ணீரில் வண்டி ஓட்டுகிற ஊர் நம்முடையது. 2022இல் வண்டிகள் தீப்பிடித்தபின், டிசம்பர் 1 முதல் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 விதிகள் படிப்படியாக இறுகியதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். மூடியைத் தடிமனாக்கினாலோ விலா எலும்பு போல மடிப்பு வைத்தாலோ போல்ட்டைக் குறைக்கலாம், ஆனால் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

குறைக்கவே கூடாத இன்னொரு இடம் பஸ்பார். பேக்கிலிருந்து மின்சாரம் வெளியே வருகிற செம்புப் பட்டையை போல்ட்டுதான் பிடிக்கிறது. அங்கே பிடிப்பு தளர்ந்து தொடர்பில் ஒரு மில்லியோம் தடை கூடினால், 100 ஆம்பியர் போகும்போது 10 வாட் சூடு அந்த ஒரே புள்ளியில். சூடாகச் சூடாகச் செம்பு இன்னும் தளரும், தளரத் தளர இன்னும் சூடாகும். ஒரு பேக்கைத் திறந்தபோது போல்ட்டைச் சுற்றி ஸ்லீவ் பழுப்பேறி, கருகிய வாடை அடித்தது. அந்த வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை. பஸ்பார் போல்ட்டில் ஒரு பைசாகூடக் குறைக்க வேண்டாம் என்பது என் முடிவு.

குறைக்கலாம் என்றால் வயர் கிளிப், உறை, நம்பர் பிளேட் பிராக்கெட் இங்கெல்லாம் குறையுங்கள். மாட்டியதும் தானே பிடித்துக்கொள்கிற கிளிப் அங்கே போதும். நாங்கள் அப்படி வண்டிக்கு 22 ஸ்க்ரூவை எடுத்தோம்.

பிப்ரவரி 3

நேற்று எழுதியபின் தூக்கம் வரவில்லை. ஒட்டுப் பசை போட்டு மூடினால் போல்ட்டே வேண்டாம் என்று சிலர் போகிறார்கள். லைனில் மிச்சம் உண்மைதான். ஆனால் மூன்று வருடம் கழித்து பேக்கைத் திறக்க வேண்டி வந்தால்? குப்பத்தில் என் வீட்டுத் தெருவில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், மின்சார வண்டி பழகிக்கொண்டிருக்கிறார். பசை போட்ட பேக்கை அவர் தொடவே முடியாது. வண்டி வாங்கியவர் முழு பேக்கையும் மாற்ற வேண்டும். நம் செலவைக் குறைத்து அவர் தலையில் கட்டுவதை நான் மிச்சம் என்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 6

லைனில் என்ன செய்தோம் என்று கேட்டீர்கள்.

இரண்டு பெட்டி முறை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்பெட்டி காலியானால் அதை அப்படியே ஸ்டோருக்கு அனுப்பு, பின்பெட்டியை இழு. எண்ணுவது, எழுதுவது, கத்துவது ஒன்றும் இல்லை. ஸ்டோரில் தராசில் நிறுத்து நிரப்புகிறார்கள். போல்ட்டு தீர்ந்து லைன் நிற்பது நின்றே போனது.

அடுத்தது குழித்தட்டு. இது லைனில் இருக்கிற ஒரு தெலுங்குப் பெண் சொன்ன யோசனை, அவளுக்கே பெருமை. நைலான் கட்டையில் 14 குழி தோண்டி, பேக் வரும்போது 14 ஸ்க்ரூவைக் குழிக்கு ஒன்றாக நிறுத்தி வைத்துவிடுவாள். குழியின் ஆழம் 16 நீளத்துக்கு மட்டும் சரியாக இருக்கும், 20 வந்தால் தலை தூக்கிக்கொண்டு நிற்கும். பேக் முடிந்தபின் ஒரு குழியில் ஸ்க்ரூ மிஞ்சினால் ஒன்றை மறந்துவிட்டாள் என்று அர்த்தம். குழி எல்லாம் காலி, ஆனால் மூடியில் 13தான் இருக்கிறது என்றால் ஒன்று எங்கோ விழுந்திருக்கிறது, பேக்கை நகர்த்தாதே. பேட்டரிக்குள் ஒரு ஸ்க்ரூ தனியாக உருண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தெலுங்குக்காரர்கள் "மர" என்பார்கள், தமிழ் பேசுகிற நாங்கள் மரை என்போம். பெயரைப் பற்றிச் சண்டை வராமல் இருக்கப் பெட்டிகளுக்கு நிறம் அடித்தோம். நீலப்பெட்டி என்றால் மூன்று மொழிக்காரருக்கும் நீலப்பெட்டிதான்.

கன்னிலும் ஒரு மாற்றம். டார்க்கோடு எத்தனை டிகிரி திரும்பியது என்றும் பார்க்கிற கன் மூடிக்கு மட்டும் வாங்கினோம். நீளமான ஸ்க்ரூ அடியில் முட்டினால் வழக்கமான டிகிரி வராது, சிவப்பு எரியும். விலை அதிகம். எல்லா இடத்துக்கும் வேண்டாம், மூடிக்கும் பஸ்பாருக்கும் போதும்.

பிப்ரவரி 9

மொத்தமாக வாங்கினால் விலை குறையுமே என்று தம்பி கேட்டிருக்கிறார். விதம் குறைந்தால் ஒவ்வொன்றின் அளவும் கூடும், விலை தானாக இறங்கும். அது சரியான வழி. ஒரு வருடத்துக்கு வாங்கி அடுக்குவது வேறு. மரையில் ஒட்டுப் பூச்சு வைத்து வருகிற ஸ்க்ரூவுக்குக் காலாவதி உண்டு. முதலில் வந்தது முதலில் போக வேண்டும், அலமாரியின் பின்னால் கிடப்பது பின்னாலேயே கிடக்கும்.

வலிமை கூடிய 12.9 முத்திரை அலன் போல்ட்டு எங்காவது போடுகிறீர்களா? அதற்கு ஊர் பட்டறையில் துத்தநாக முலாம் போட்டால் உலையில் வைத்து வேகவைத்தார்களா என்று கேளுங்கள். 200 டிகிரியை ஒட்டி, பல மணி நேரம், முலாம் போட்ட சூட்டோடு. முலாம் போடும்போது இரும்புக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடும். வேகவைக்காவிட்டால் முடுக்கிய போல்ட்டு ஒரு நாளோ இரண்டு நாளோ சும்மா இருந்து, யாரும் தொடாமலே தலை தெறிக்கும். பழைய இடத்தில் காலையில் வந்து பார்த்தபோது தலை தனியாகத் தரையில் கிடந்தது. உடைந்த முகம் சர்க்கரைக் கட்டி உடைந்த மாதிரி மணி மணியாக மின்னியது.

பிப்ரவரி 16, ஞாயிறு

தம்பி பட்டியல் அனுப்பியிருக்கிறார்: 58 விதம். முழுதும் பார்த்தேன். ஒரே அளவு, ஒரே தலை, இரண்டு பார்ட் நம்பர் என்று ஆறு ஜோடி இருக்கிறது. எதையும் மாற்றாமல் அந்த ஆறை இந்த வாரமே எடுத்துவிடலாம். ஸ்டார் ஸ்க்ரூவில் மூன்று பிட் அளவு இருக்கிறது, இரண்டாக்கலாமா என்று டிசைனில் கேளுங்கள். நீளத்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு துளையின் ஆழத்தையும் நீங்களே கம்பி விட்டு அளந்து, பட்டியலில் பக்கத்தில் எழுதுங்கள். வரைபடத்தை நம்பி நான் நான்கு மாதம் இழந்தேன்.

பட்டியலில் 31, 32, 33 மூன்றும் பஸ்பார் போல்ட்டு. அவற்றுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் 30 பைசா அந்த மூன்றிலும் குறைந்திருக்கிறது. நாளை முதல் வேலையாகச் சப்ளையருக்குப் போன் போட்டு அந்த மூன்றுக்கும் பழைய போல்ட்டையே கேளுங்கள்.